நேரம் போதாது என்று எழுதினேன்

சனிக்கிழமை கிங்ஸ்பரி மண்டபத்தின் பின்னறையில் தோல் சூடாகும் வாசனை வந்தது. உள்ளே நெருப்பு மூட்ட அனுமதியில்லை. பிள்ளைகள் ஹேர்ட்ரையரைப் பிடித்துப் பறைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பறையாட்டம் ஆட என் மகளும் இடுப்பில் சிவப்புத் துணி கட்டி நின்றாள். நீ இறந்து மூன்று வருடமாகிறது. அந்த வாசனையோடு உன் முகம்தான் வந்தது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நோர்பரியில் நாம் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராத ஒரு ஞாயிறு, நீ பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அடித்தபடி சமையலறைக்குள் ஆடினாய். குனிந்து, சுழன்று, காலால் தரையை உதைத்து. கீழ்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டும்வரை நான் கைதட்டினேன். மூச்சு வாங்க உட்கார்ந்த பிறகு, "அப்பா பறை அடிக்கிறவர். இஞ்ச உனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறன்" என்றாய்.

பல வருடம் கழித்து, தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவில் பறையாட்டம் ஆடிக் காட்டலாமா என்று நீயே கேட்டாய். நிர்வாகக் கூட்டத்தில் தலைவர் முகம் சுளித்தார்.

"செத்த வீட்டு மேளம் பிள்ளையளின்ர மேடைக்கு வேண்டாம். ஆள் ஆரெண்டு விசாரிச்சனீங்களோ?"

ஏழு பேர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. செயலாளராகிய நான், நேரம் போதாமையால் சேர்க்கவில்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன். உன்னிடமும் அதையே சொன்னேன்.

"நேரம் போதாதோ?" என்று என் கண்ணைப் பார்த்தாய். "சரி, விடு."

அடுத்த மாதம் நகரத்தின் மறுகோடிக்கு வீடு மாறினாய். அதன் பிறகும் போனில் பேசினோம். அந்தக் கதையை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

பிறகு எங்கள் இனத்துக்கு நீதி கேட்கும் ஊர்வலங்கள் வந்தன. பறை அடித்து ஆடிய இளையவர்கள் பக்கமே கமராக்கள் திரும்பின. நாங்கள் யார் என்று இந்த ஊருக்குச் சொல்ல அந்த ஆட்டம் போதுமாயிருந்தது. பொங்கல் விழா, கவுன்சில் வரவேற்பு, கல்யாண மண்டபம் என்று எல்லா இடத்துக்கும் அது போயிற்று. சம்பந்தம் பேசும்போது சாதி விசாரிப்பது மட்டும் நிற்கவில்லை.

சனிக்கிழமை அறிவிப்பாளர், "இதுதான் எங்கள் இனத்தின் அடையாளம்" என்றார். முன்வரிசையில் அதே தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். மகள் வியர்வையோடு ஓடிவந்தாள்.

"அப்பா, ஊரில நீங்களும் இதை ஆடினீங்களா?"

"ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். கூட்டத்தில் நடந்தது, நான் எழுதியது, மகளுக்குச் சொன்ன பொய், எல்லாவற்றையும் உன் மனைவியின் முன்னால் சொன்னேன். மகள் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி இருந்தாள்.

"அவருக்கு அண்டைக்கே தெரியும் அண்ணை" என்றார் உன் மனைவி. "உங்களில அவர் கோவிக்கேல்லை. 'அவன் பயந்தவன்' எண்டு மட்டும் சொன்னவர். ஆனா எனக்குக் கோவம் இருக்குது. இப்பவும் இருக்குது."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"என்னட்டச் சொல்லி என்ன? அங்க போய்ச் சொல்லுங்கோ."

நேற்று மாலை நிர்வாகக் கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லி எழுந்தேன். அன்று குறிப்பில் நான் எழுதியது பொய், காரணம் சாதி என்றேன். "முடிஞ்ச கதையை ஏன் கிளறுறீர்?" என்றார் தலைவர். அது இன்னும் முடியவில்லை என்றேன். ஒருவரும் என் பக்கம் பேசவில்லை; ஒருவர் போனைப் பார்த்தார், இன்னொருவர் கதிரையை நகர்த்தினார். அந்த அமைதிக்குள் நான் தனியே நின்றது இரண்டு நிமிடம் இருக்கும். நீ அதே அமைதிக்குள் எத்தனை வருடம் நின்றாயோ.