சாய்மானம் இல்லாத ஸ்டூல்

செவ்வாய், இரவு இஷா தொழுகைக்குப் பிறகு

இன்று தையல் கூடத்தில், பக்கத்து மெஷினில் நாள் முழுக்கக் குனிந்து தைக்கும் பரீதாவால் ஸ்டூலை விட்டு எழும்ப முடியவில்லை. கால் மரத்துவிட்டது என்று அழுதாள்.

"லீவெடுக்க நடிப்பு" என்றார் முதலாளி.

எனக்குப் பொறுக்கவில்லை. "நடிப்பில்ல முதலாளி. எனக்கும் இப்படித்தான். முதுகெலும்புல நரம்பு நசியுதாம். சாய்மானமுள்ள கதிரையில நிமிர்ந்து இருக்கணும் எண்டு டொக்டர் சொன்னார்."

வேலை போய்விடும் என்று ஒரு மாதமாக மறைத்த விசயம் அது.

"கதிரை வேணுமெண்டா வீட்டுல இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மற்றப் பெண்கள் குனிந்தபடி மெஷினை ஓட்டினார்கள்.

இன்று நடந்ததைக் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. சற்றுமுன், கூடத்தில் எனக்குத் தங்கை போன்ற நிஸா கோல் எடுத்தாள். "ராத்தா, நாளைக்கு நாங்க எல்லாரும் கதிரை கேக்கப் போறம். முன்னுக்கு நிண்டு கதைப்பீங்கதானே?"

"ஓம்" என்றேன்.