காமெனிடம் காரைப் பற்றி மறைக்காதே

லாசர்,

நான் பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்கு இரவு வேலைக்குப் போகிறேன். அடுப்பின் மேல் பீன்ஸ் சூப் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. நாளைக் காலையில் காமென் என்பவர் நம் காரைப் பார்க்க வருகிறார். சாவி உன் கோட்டுப் பையில்.

ஒரு லிட்டர் டர்போ என்ஜின், மலைச்சாலையில் நன்றாக இழுக்கும் என்று நீ சொல்வாய். உண்மைதான். ஆனால் ஆயில் குடிக்கிறது என்பதையும் சொல். ஆயிலில் நனைந்தபடி ஓடும் டைமிங் பெல்ட்டை நாம் மாற்றவே இல்லை, அறுந்தால் என்ஜினே போய்விடும் என்பதையும் சொல். "கேட்டா சொல்லிக்கலாம், நீ ஏன் வாயக் குடுக்குற?" என்று நேற்று கத்தினாய். காமெனின் மனைவிக்கு இது நிறைமாசம். அவளை ஏற்றிக்கொண்டுதான் மலையேறப் போகிறார்.

காரை விற்றால்தான் நாம் ஜெர்மனிக்குக் குடிபோக முடியும். அது எனக்கும் தெரியும்.

யோர்டாங்கா

பி.கு: ஓட்டிக் காட்டிவிட்டு வந்ததும் என்ஜினை உடனே அணைக்காதே. டர்போ கொஞ்சம் ஆறட்டும்.

இன்னொன்று. எல்லாம் கேட்டுவிட்டு அவர் வேண்டாமென்று போனால் என்மேல் கோபப்படாதே. எனக்கு ஜெர்மனி போக மனசே இல்லை, லாசர். உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியவில்லை.