மேலிருந்து கீழே படித்த கடிதங்கள்

அன்பும் வம்பும் குறையாத ஒட்டடைக்கு,

இங்கே நலம். நீயும் நலமாக இருந்து தொலைப்பாய் என்று நினைக்கிறேன். பேனா பிடித்து வெகு காலமாகிவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் உன் தலையைச் சாய்த்துப் படித்துக்கொள். என்னைக் குறை சொல்லாதே.

முதலில் உனக்கு ஒரு சந்தோஷ சமாச்சாரம். நீ ஜெயித்துவிட்டாய். நம் பட்டறைச் சண்டையின் சட்டம் தெரிந்ததுதானே, கோபம் வந்தால் முதலில் வாய் திறந்தவன் தோற்றவன். பக்கத்துப் பக்கத்து லேத்தில் நின்றுகொண்டு, ஸ்பேனர் வேண்டுமென்றால்கூட ஃபோர்மேனைக் கூப்பிட்டு "அந்த நெட்டையன்கிட்ட வாங்கிக் குடுங்க"ன்னு கேட்ட ஆட்கள் நாம். அதனால்தான், உன் புதுப் பல்செட்டு போட்டோவைப் பார்த்து "சிரிக்கிறியா, இல்ல கடிக்க வர்றியா"ன்னு நான் மெயில் அனுப்பின பிறகு நீ பேச்சையே நிறுத்தினபோது, சரி, பயல் ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டான் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். மழைக்காலம் முழுக்க மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டுக்காரியைக் கேட்டால் சொல்வாள். மிச்சப் பேச்சையெல்லாம் அவள் தலையில்தான் கொட்டினேன்.

அப்புறம் தாங்க முடியாமல் நானே தோற்று எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒவ்வொன்றிலும் உன்னைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டிப் பார்த்தேன். கடைசியில் "செத்துட்டியாடா? செத்திருந்தா அதையாவது ஒரு வரி எழுதிப் போடு" என்று அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் நீ இல்லை.

மகனிடம் டேப்லெட்டைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். மெயில் பெட்டியைத் திறந்தால் மேலே ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கயிறு அறுந்த கிணற்று ராட்டினம் மாதிரி அது பாட்டுக்குச் சுற்றுகிறது, ஒன்றையும் மேலே இழுத்து வரக் காணோம். மகன் அணைத்துப் போட்டான், தட்டினான், திட்டினான். "அப்பா, இதுல மழைக்கு முன்னாடி வந்ததுக்கு அப்புறம் ஒண்ணுமே வரலையே"ன்னான். அப்படியென்றால் நீ எழுதியிருக்கலாம், எனக்குத்தான் வரவில்லை. அல்லது நீ எழுதவே இல்லை. இரண்டில் எது என்று தெரியாமல் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. நாளைக்கு டேப்லெட்டைக் கடையில் கொடுக்கப் போகிறேன்.

நம் இரண்டு பேர் காதையும் பட்டறையே தின்றுவிட்டதால் போனில் பேசிப் பிரயோஜனம் இல்லை. அதனால் மகனை விட்டு உன் வீட்டுக்குப் போன் போடச் சொன்னேன். உன் அக்கா மகன் எடுத்தான். அவன் உன்னோடு வந்து தங்கியிருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். குரல் தேன் மாதிரி இருக்கிறதாம். "மாமா தூங்குறாருண்ணே"ன்னானாம். மறுநாள் காலையில் போட்டான், தூங்குறாரு. சாயங்காலம் போட்டான், அப்பவும் தூங்குறாரு. ஏண்டா, நின்றுகொண்டே டீ குடித்து வேலை பார்த்தவன் நீ. பகலில் படுத்தவனைப் பார்த்தால் பிணம் என்று கேலி செய்வாய். இந்த வயதில் அப்படி என்னடா தூக்கம்?

விளையாட்டு போதும். ஆட்டத்தில் நீ ஜெயித்ததாக எழுதியே கொடுத்துவிட்டேன். பதிலுக்கு ஒரே ஒரு வரி போடு. திட்டி எழுது. அக்கம்பக்கத்தில் படிக்க முடியாத மாதிரி எழுது. அதைப் படித்தால்தான் எனக்கு உடம்பு தேறும்.

இப்படிக்கு,
தோற்றுப்போன பூசணிக்காய்

•

அடேய் ஒட்டடை,

டேப்லெட் கடையில் ஒரு வாரம் வரிசையில் கிடந்து, நேற்றுச் சாயங்காலம்தான் சரியானது. இதை அதில்தான் தட்டுகிறேன். தபாலில் போட்ட கடிதத்துக்கு வாரம் தாண்டியும் பதில் இல்லை. அதனால் நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் என்னைவிட வாய்க்கொழுப்பு. டேப்லெட்டைத் திறந்ததும் "பெரியவரே, இவ்வளவு வீடியோ பாத்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்"ன்னு கேட்டார். "கண்ணு போனா காதுக்குத் துணையா இருக்கட்டும்"ன்னேன். அப்புறம் நோண்டிப் பார்த்துவிட்டு, "பாஸ்வேர்டை வேற எங்கயாவது மாத்துனீங்களா"ன்னார். நான் எங்கே மாற்றினேன்? மகன்தான் மழைக்கு முன்னால், பாதுகாப்பு, அது இது என்று சொல்லிக் கம்ப்யூட்டரில் மாற்றியிருக்கிறான். டேப்லெட்டுக்குச் சொல்ல மறந்துவிட்டான். அதுவும் மானஸ்தன் மாதிரி வாயைத் திறக்காமல், பழைய பாஸ்வேர்டையே போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. உன் கடிதங்கள் வெளியே நின்றிருக்கின்றன. என்னுடையவை உள்ளே நின்றிருக்கின்றன. நான் திட்டினது ஒன்றுகூட உனக்கு வந்து சேரவில்லை.

கடைக்காரர் கணக்கையே எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தார். புதுப் பாஸ்வேர்டைப் போட்டார், ஒத்திசைவு என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதைத் தள்ளினார். வட்டம் நின்றது. அடைப்பு எடுத்த குழாய் மாதிரி உன்னுடையவை வந்து விழுந்தன. என்னுடையவையும் அதே நேரத்தில் கிளம்பிப் போய்விட்டன. அந்த செத்துட்டியா கடிதமும் போய்விட்டது. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். "போனது போனதுதான் பெரியவரே"ன்னார்.

இந்தப் பெட்டியில் கடைசியாக வந்ததுதான் மேலே நிற்கும். எனக்கு அது தோன்றவில்லை. புத்தகம் மாதிரி மேலிருந்தே படித்தேன்.

முதலில் கண்ணில் பட்டதில் முழு வரிகூட இல்லை. "பூசணி இதையும எடுததுக்கப் போறான் வா" என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே, "கண்ணாடி ரிப்பேருக்குப் போனது போனதுதான். எழுத்தெல்லாம் கொசு மாதிரி பறக்கிறது. ஒரு வரி தட்ட ஒரு பொழுது ஆகிறது" என்றிருந்தது. அதற்குக் கீழே, "கண்ணாடி இல்லாம எப்படிடா கையெழுத்துப் போடுவேன்னு கேட்டேன். பெருவிரலை வச்சாப் போதும் மாமான்னான்." அதற்குக் கீழே, புதிதாக ஏதோ மாத்திரை, டாக்டர் கொடுத்தார் என்கிறான், நான் எந்த டாக்டரிடமும் போகவில்லையே, தின்றால் பொழுது விடிவதும் அடைவதும் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அதற்கும் கீழே, வாசல் பூட்டை மாற்றியிருக்கிறான், என் சாவி இப்போது எதற்கும் பொருந்தவில்லை, வேடிக்கையாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய்.

அடியில் இருந்ததுதான் நீ முதலில் எழுதினது. "பூசணி, என் அக்கா மகன் வந்திருக்கான். கால் பிடித்து விடுகிறான். சமைத்துப் போடுகிறான். நான் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். நீ வயிறு எரிந்து சாவு." அதைக் கடைசியாகப் படித்தபோது, கடைக்காரர் எனக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்.

தண்ணீரை வாங்கிக் குடிக்கிறேன், மேலே புதிதாக ஒன்று வந்து நிற்கிறது. உன்னிடமிருந்து. "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடிதங்கள் அனைத்தும் கிடைத்தன. நான் பூரண நலம். மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பதால், இனி தாங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்."

ஒரு வரிக்கு ஒரு பொழுது எடுக்கிறவன், என் அத்தனை கடிதத்தையும் படித்து, நான் உன்னுடையதைப் படித்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பிழை இல்லாமல் பதில் போட்டிருக்கிறான். என்னை ஐயா என்கிறான். செத்துட்டியா என்று கேட்டதற்குக் கோபமே படவில்லை. ஒட்டடை, உன் சாவுச் செய்தியைக் கேட்டிருந்தால்கூட நான் அப்படிப் பயந்திருக்க மாட்டேன்.

இனி எழுதுவது உனக்கு இல்லை.

தம்பி, வணக்கம். இந்தப் பெட்டியை இப்போது நீதான் திறக்கிறாய் என்று தெரிந்துதான் இதில் எழுதுகிறேன். தபாலில் வந்ததையும் நீதான் பிரித்திருப்பாய். நான் ஐந்தாம் வகுப்பு தாண்டாதவன், என் எழுத்தில் பிழை இருந்தால் நீ திருத்திப் படித்துக்கொள். உனக்கு அது நன்றாக வருகிறது.

என் சின்ன மகள் உங்களுக்குப் பக்கத்து ஊரில்தான் இருக்கிறாள். காலையில் பஸ் பிடித்து வந்து இப்போது உங்கள் வாசலில் நிற்கிறாள். இங்கே என் மகன் அவளோடு போனில் பேசி, எனக்குச் சைகையில் சொல்லிக்கொண்டிருக்கிறான். பட்டறையில் பழகின சைகைதான், ஒன்றும் தப்பவில்லை. மணி அடித்தாளாம். கதவைத் தட்டினாளாம். வெளியில் பூட்டு இல்லை, தாழ்ப்பாள் உள்ளே போட்டிருக்கிறது. பட்டப்பகலில் முன்னறையில் விளக்கு எரிகிறதாம். சன்னலுக்கு உள்பக்கம் காகிதம் ஒட்டியிருக்கிறதாம்.

எதிர் வீட்டுத் தையல்காரம்மா வெளியே வந்து கேட்டிருக்கிறார். "யாரும்மா நீ? பெரியவரைத்தான் ஊருக்கு அனுப்பிட்டேன்னு அந்தத் தம்பி சொல்லுச்சே"ன்னாராம். எங்களிடம் தூங்குகிறார். அந்த அம்மாவிடம் ஊருக்குப் போயிருக்கிறார். எனக்கு எழுதும்போது பூரண நலம். மூன்றும் ஒரே ஆளுக்கு எப்படித் தம்பி பொருந்தும்? எனக்குப் புரியும்படி ஒன்றைச் சொல். எதுவானாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அவன் டேப்லெட்டைப் பிடுங்கினால் கடிதம் போய்விடும் என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கடைக்காரர்தான் விளக்கினார். அது டேப்லெட்டில் இல்லையாம், எங்கேயோ தொலைவில் இருக்கிறதாம், எந்த மெஷினை உடைத்தாலும் அது அப்படியேதான் இருக்குமாம். அத்தனையையும் காகிதத்தில் எடுத்து, உங்கள் பகுதி போலீஸ் ஸ்டேஷனுக்கு மகன் அனுப்பி வைத்திருக்கிறான், போனிலும் சொல்லியிருக்கிறான். ஆள் வருகிறார்கள். வருவதற்கு நேரம் ஆகும் என்றார்கள். அதற்குள் நீ செய்ய ஒரு காரியம் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு தூரம் தட்டிக்கொண்டிருக்கிறேன். மற்றபடி உன்னோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை.

வீடு வேண்டுமா, வைத்துக்கொள். உன் மாமன் பத்திரத்தில் வைத்த பெருவிரல் அப்படியே இருக்கட்டும், நான் ஒரு கேள்வி கேட்க மாட்டேன். அவன் கேட்டாலும் நான் அவன் வாயை அடைக்கிறேன், அது என் பொறுப்பு. அவனை என்னிடம் கொடு. என் வீட்டில் ஒரு கட்டில் கூடுதலாகவே கிடக்கிறது.

கதவைத் திறந்து என் மகளை உள்ளே விடு. அவன் படுத்திருந்தால் படுக்கையைக் காட்டு. தூங்குகிறான் என்றால் தூங்கட்டும், எழுப்ப வேண்டாம், அவள் பக்கத்தில் உட்கார்ந்து காத்திருப்பாள். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் சூடு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் போதும்.

மகன் இன்னும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கையை மட்டும் அசைக்கிறான், கதவு திறக்கவில்லை, திறக்கவில்லை என்று. நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய், எனக்குத் தெரியும்.

தம்பி, நீ நன்றாக இருக்க வேண்டும். உன் கைகால் சுகமாக, வாழ்நாள் முழுக்க நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும். வயதானவன் மனசாரச் சொல்கிறேன். இதுவரைக்கும் எதுவும் ஆகிவிடவில்லை என்றால், உனக்கு ஒரு குறையும் வராது.

கதவைத் திற, கண்ணு.

இப்படிக்கு,
உன் மாமனின் கூட்டாளி