மாலை போட்டு இறக்கியவர்கள்

யூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து வந்து சேலை மாற்றுவதற்குள் படலையடியில் மூன்று பேர். முன்னுக்கு நின்றவள் பெற்றிசியா. இப்போது கோயில் மாதர் சங்கத் தலைவி. ஐந்தாம் வகுப்பில் கணக்குக்காக என்னிடம் அடி வாங்கியவள். கையில் பிஸ்கட் பெட்டி.

"ரீச்சர், அன்னம்மாள் திருநாளுக்கு உங்களைக் கௌரவிக்கப்போறம். நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. வந்து கதிரையில இருந்தாக் காணும்."

நான் ஓய்வுபெற்று இருபது வருடத்துக்கு மேல். இவ்வளவு காலமும் யாருக்கும் தோன்றாதது இப்போது ஏன்? கேட்டேன். ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். "வயசு போகுதெல்லே, ரீச்சர்" என்றாள் ஒருத்தி. போகட்டும். ஞாயிறு பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்க எனக்குக் குரல் இருக்கிறது. அது போதும்.

இங்கேயும் பொய் எழுதக் கூடாது. சந்தோசமாகத்தான் இருக்கிறது. அலுமாரியில் கிடந்த பட்டுச் சேலையை எடுத்துக் காற்றாடப் போட்டேன்.

யூலை 19, சனி

வாழ்த்துமடலைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எழுதியவர் அலெக்ஸாண்டர். ஊரில் யார் செத்தாலும் நினைவுமடலுக்குக் கல்வெட்டுப் பாட்டு எழுதுகிறவர் அவர்தான். கை அந்தப் பழக்கத்திலேயே போயிருக்கிறது. "எவரையும் நோகவிடாது வாழ்ந்தார்" என்று முடித்திருக்கிறார். வாழ்ந்தாராம்! எவரையும் நோகவிடவில்லையாம்! என் பிரம்பைக் கேட்டுப் பார்த்திருக்கலாம்.

சிவப்புப் பேனையால் வெட்டி, "இன்னும் இருக்கிறேன்" என்று அடியில் எழுதித் திருப்பி அனுப்பினேன்.

யூலை 26, சனி

ஆத்திரத்தோடு எழுதுகிறேன்.

பாண்ட் வாத்தியத்தோடு மண்டபத்துக்குக் கூட்டிப்போனார்கள். நாடி வரைக்கும் மாலை. அதற்கு மேல் பொன்னாடை. சுவர் மணிக்கூடு ஒன்று பரிசு. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பெற்றிசியா மைக்கைப் பிடித்தாள்.

"நாப்பது வருசமா எங்கட கோயிலில முதல் வாசகம் வாசிச்ச மார்த்தா ரீச்சருக்கு இனி நாங்கள் ஓய்வு குடுப்பம். நாளையிலயிருந்து டிலோஜினி வாசிப்பா."

சனம் கைதட்டியது. ஃபாதரும் தட்டினார். அந்தப் பெட்டை வந்து குனிந்து ஆசீர்வாதம் கேட்டாள். தலையில் கை வைத்தேன். வேறென்ன செய்வது? கழுத்தில் மாலையோடு இருந்துகொண்டு ஒரு மனுசி சண்டை பிடிக்கலாமா?

ஆர் உங்களிட்ட ஓய்வு கேட்டது? என்னட்ட ஒரு வார்த்தை கேட்டனீங்களோ? எனக்கு மிஞ்சியிருந்தது அது ஒண்டுதானே. அதைப் பறிக்கிறதுக்கு ஒரு பாண்ட் வாத்தியம்!

மணிக்கூட்டைப் பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன்.

யூலை 27, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மணி அடித்தது கேட்டது.

யூலை 30, புதன்

இன்றைக்கு நேரே பெற்றிசியா வீட்டுக்குப் போனேன். பின்வளவில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கதிரை கொண்டுவர எழும்பினாள். உன்ர கதிரையில இருந்து கண்டது காணும் என்றேன்.

"ஏன் என்னை இறக்கினனீ? முகத்துக்கு நேர சொல்லு."

கையைக் கழுவினாள். சேலைத் தலைப்பில் துடைத்தாள். நான் அசையவில்லை.

"உயிர்த்த ஞாயிறு அண்டைக்கு வாசகத்தை முடிச்சுப்போட்டு நீங்கள் இறங்கேல்ல, ரீச்சர். திரும்ப முதல்ல இருந்து வாசிச்சனீங்கள். ஃபாதர்தான் வந்து கையைப் பிடிச்சு இறக்கினவர்."

ஃபாதர் கையைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறது. மரியாதைக்குப் பிடிக்கிறார் என்று நினைத்தேன். திரும்ப வாசித்தது ஞாபகமில்லை. எவ்வளவு யோசித்தும் இல்லை.

"சனம் சிரிச்சதோ?"

"ஓம். என்ர வாங்கிலயே, பக்கத்தில இருந்த ரெண்டு பேர் சிரிச்சவை. எனக்குப் பொறுக்கேல்ல. மாலை போட்டு இறக்கினா ஒருத்தரும் சிரிக்க மாட்டினமெண்டு நினைச்சன்."

அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. உயிர்த்த ஞாயிறு முடிந்து மூன்று மாதம். ஊருக்கே தெரிந்த ஒன்றை எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. எண்பத்திரண்டு வயதுக்காரிக்கு மாலை போட இத்தனை பேர் வருகிறார்கள், ஒரு உண்மை சொல்ல ஒருத்தி வரவில்லை. பிழைவிட்ட பிள்ளைக்குச் சரி போட்டு அனுப்பிய ஆளா நான்?

ஓகஸ்ட் 3, ஞாயிறு

போனேன். வழக்கமான வாங்கில்தான் இருந்தேன். டிலோஜினி நன்றாக வாசித்தாள். அது இன்னும் எரிச்சல்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

எனக்கு நானே சாட்சி சொல்ல முடியாதென்பதுதான் பயமாக இருக்கிறது. பெற்றிசியாவை வரச் சொன்னேன். பைபிளைத் திறந்து ஒரு அதிகாரம் வாசித்துக் காட்டினேன்.

"எப்பிடி?"

"ஒருக்காத்தான் வாசிச்சனீங்கள்..."

"இழுக்காதை. மிச்சத்தைச் சொல்லு."

"நடுவில ஒரு பந்தியை விட்டிட்டீங்கள், ரீச்சர்."

விடவில்லை என்று கத்தினேன். பொய்க்காரி என்றும் சொல்லிவிட்டேன். அவள் கோபிக்கவில்லை. பக்கத்தில் வந்திருந்து, விட்ட இடத்தில் விரலை வைத்தாள். முழுப் பந்தி. போகும்போது மடு மாதா கோயிலுக்குப் போய்வந்து திரும்ப வருவதாகச் சொன்னாள். வா என்றேன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

பாதி ஊர் மடுத் திருநாளுக்குப் போய்விட்டது. மாதர் சங்கம் முழுக்க அங்கே கூடாரம் அடித்திருக்கிறது, டிலோஜினியும்தான். நேற்றுப் போகிற வழியில் முருங்கன் தாண்டும்போது பெற்றிசியா போன் எடுத்து, மருந்து குடித்தேனா என்று கேட்டாள். பூசைக்கு மிஞ்சியது கிழடுகளும் நோய் வருத்தக்காரரும்.

தொடங்குகிற நேரம் மணி அடிக்கிற பஸ்ரியன் என் வாங்குக்கு ஓடி வந்தான். அவனுக்கே அறுபது வயது.

"ரீச்சர், வாசிக்க ஆளில்லை. ஃபாதர் உங்களை வரட்டாம்."

புத்தகம் அங்கே திறந்து கிடந்தது. கால் தன்பாட்டில் எழும்பப் பார்த்தது. சனமும் குறைவு. பெற்றிசியாவும் இல்லை. பிழை விட்டாலும் ஆருக்குத் தெரியப்போகுது?

"ரீச்சருக்கு இனி ஏலாதெண்டு ஃபாதரிட்டச் சொல்லு."

அவன் விளங்காமல் நின்றான். இன்னொரு தரம் சொன்னேன், கடைசி வாங்குக்கும் கேட்கிற மாதிரி. யாரும் சிரிக்கவில்லை.

பிறகு பஸ்ரியனே போய் வாசித்தான்.