திரைச்சீலை ஆடுகிறதா என்று பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், எழுதிவிட்டேன், அதில் பாதிதான் உண்மை. உன் அம்மாவுக்கு முட்டிவலி முன்னைக்குத் தேவலை, எனக்குச் சர்க்கரை அடங்கித்தான் இருக்கிறது, ஸ்டூடியோவுக்கும் பாஸ்போர்ட் போட்டோ என்று ஆள் வந்துகொண்டிருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, நைட் டியூட்டி முடிந்து வந்தால் தூங்குகிறாயா, மாப்பிள்ளையின் கப்பல் எந்தக் கடலில் இருக்கிறது என்றெல்லாம் கேட்க வேண்டும், அதற்கும் இப்போது மனசு இல்லை. தினமும்தான் போனில் முகம் பார்க்கிறோமே, எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். போனில் சொல்ல முடியவில்லை அம்மா. உன் மகள் பக்கத்தை விட்டு நகர்வதில்லை, நான் போனோடு மாடிப்படிக்குப் போனால் கதவு இடுக்கில் ஒரு காது தெரிகிறது. மெசேஜ் அடிக்கலாம் என்றால் அந்தப் போனை ஆளுவதே அவள்தான், நீ பார்ப்பதற்கு முன்னால் அவள் படித்துவிடுவாள். அதனால்தான் உன்னோடு வார்டில் வேலை பார்க்கிற பெண்ணின் அண்ணன் அங்கே கிளம்புகிறார் என்று தெரிந்ததும் உட்கார்ந்து எழுதி அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். டியூட்டி இல்லாத நேரத்தில் தனியாக இருந்து படி.

முதலில் அந்த நெட் சமாச்சாரம். நீ அவளுக்கு நடத்துகிற சாயங்காலப் பாடத்தின் நடுவில் படம் நின்றுவிடுகிறது, நின்றுவிடுகிறது என்று நீ சொல்லிச் சொல்லி நானும் லைன்காரரைக் கூப்பிட்டேன், அவர் கம்பத்தில் ஏறினார், ஒயரை மாற்றினார், பெட்டியை மாற்றினார், கடைசியில் சார் இதுல படமே ஓட்டலாம் சார், என்னை ஏன் சும்மா சும்மா ஏத்தறீங்க என்று கடுப்பாகிப் போய்விட்டார். அவர் சொன்னது நிஜம். நெட் ஒரு நாளும் நிற்கவில்லை பாப்பா. நின்றது உன் மகள். ஒரு நாள் நான் போனுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்திரண்டில் பதினேழு போனால் எவ்வளவு என்று நீ கேட்டாய், அவள் வாய் பாதி திறந்தபடி அப்படியே நின்றுவிட்டாள், இமை கொட்டவில்லை, மூச்சுகூடத் தெரியவில்லை. நீ ஹலோ, ஹலோ, கேக்குதா, ஐயோ மறுபடி நின்னுடுச்சா என்று கத்திவிட்டு கட் பண்ணினாய். அவள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திரைச்சீலை அது பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தது. உன் கண் கணக்கில் இருந்தது, திரைச்சீலையை எங்கே பார்ப்பாய். லைன் போன அடுத்த நொடி உன் மகள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு ஸ்டூலை விட்டுக் குதித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாள் முழுக்க ஸ்டூடியோவில் அசையாதே, கண்ணைக் கொட்டாதே, அப்படியே இரு என்று தொண்டை வற்றுகிறவன் நான், பள்ளி விட்டு வந்து ஓரமாக உட்கார்ந்து பார்க்கிற குட்டி வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டது, கெட்டிக்காரிதான் என்று நினைத்தேன். உனக்குத் தெரிந்தால் அவளைத் தொலைத்துவிடுவாய் என்று உன்னிடம் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து போன், உடனே வாங்க என்று. லைட்டுக்கு முன்னால் ஒரு மனிதரை டை கட்டி உட்கார வைத்திருந்தேன், அவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். வகுப்பில் அவள் போர்டுக்கு முன்னால் நிற்கிறாள், கையில் சாக்பீஸ், போர்டில் அதே மாதிரி ஒரு கழித்தல் கணக்கு. டீச்சர் போர்டுக்குக் கூப்பிட்டபோது நின்றவளாம், மணி அடித்து அடுத்த பாடம் வந்தும் நகரவில்லையாம். முதலில் பிள்ளைகள் ஹேங் ஆயிட்டா, ஹேங் ஆயிட்டா என்று சிரித்திருக்கிறார்கள், அப்புறம் அவர்களுக்கே பயம் வந்து இரண்டு பேர் அழ ஆரம்பித்துவிட்டார்கள். டீச்சர் வலிப்போ என்னமோ என்று தண்ணீர் பாட்டிலோடு நிற்கிறார். உன் மகளின் காலடியில் தரை நனைந்திருந்தது. தோளைத் தொட்டேன், கட்டை மாதிரி இருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல், ஸ்டூடியோவில் படம் எடுத்து முடித்ததும் சொல்கிற வார்த்தைதான் வாயில் வந்தது, அவ்ளோதான் கண்ணு, முடிஞ்சுது, அசையலாம் என்றேன். சாக்பீஸ் கீழே விழுந்தது. என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள் பார், நீ பிறந்தபோதுகூட அப்படி ஒரு அழுகையை நான் கேட்கவில்லை.

டாக்டரிடம் காட்டிவிட்டோம், பயப்படாதே, வலிப்பு கிலிப்பு ஒன்றும் இல்லை, பயம்தான் என்கிறார். என்ன பயம் என்பதை உன் அம்மாதான் வெளியே எடுத்தாள், அதுவும் கேள்வி கேட்டு அல்ல, தலை பின்னிக்கொண்டே சும்மா இருந்ததில் அதுவாக வந்தது. விஷயம் இதுதான். வகுப்பில் டீச்சர் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். இரண்டிலிருந்து ஏழு போகாதா, ஒரு கட்டைப் பிரி, பன்னிரண்டாகிவிடும், கட்டு நாலாகிவிடும், அப்புறம் கழி என்பது அவர் முறை. நீ சொல்லிக்கொடுப்பது நீ படித்த முறை, மேலே ஒரு பத்தைக் கொடு, அதற்குப் பதிலாகக் கீழே பத்தாம் இடத்தில் ஒன்றைக் கூட்டு என்று. இரண்டிலும் முப்பத்தைந்துதான் வருகிறது. ஆனால் உன் முறையில் போட்டால் கீழே எதுக்கும்மா ஒண்ணு கூட்டினே என்று டீச்சர் நோட்டில் சுழிக்கிறார், டீச்சர் முறையில் போட்டால் இதென்ன குச்சி விளையாட்டு, நான் சொன்ன மாதிரி போடு என்று நீ கத்துகிறாய். உன் மகள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நான் எதைச் சொன்னாலும் யாராவது ஒருத்தர் தப்பாயிடறாங்க பாட்டி, அம்மா தப்புன்னு எனக்குச் சொல்ல வராது, டீச்சரும் நல்லவங்க. இதைக் கேட்டதிலிருந்து உன் அம்மா சோற்றைத் தட்டில் போட்டுப் பிசைந்துகொண்டே இருக்கிறாள், வாயில் வைப்பதில்லை. மக்குப் பிள்ளை இல்லை அம்மா அது, இரண்டு வழியும் தெரிந்த பிள்ளை.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அங்கே பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க அவளை வீடியோவில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கப் போகிறார்கள், அதில் தவறிவிட்டால் இன்னும் ஒரு வருஷம் அவள் இங்கே, நீ அங்கே. ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பாட்டு இடைவேளையைச் சாப்பாட்டுக்கு எடுக்காமல் கணக்குக்கு எடுக்கிறாய், எனக்குத் தெரியும். நீ போடுகிற சத்தம் கோபம் இல்லை, பயம். ஆனால் அது இந்தப் பக்கம் வந்து சேரும்போது கோபமாகத்தான் கேட்கிறது, நான் என்ன செய்வேன். நம் மைக்செட்டு பேச்சை நிறுத்திவிட்டது பாப்பா. தெரு முனையில் வரும்போதே குரல் கேட்குமே, அந்தக் குரல் இல்லை. இப்போது கணக்குகூட வேண்டாம், தண்ணி வேணுமா, பால் வேணுமா என்று கேட்டாலே சில நேரம் நின்றுவிடுகிறாள். முந்தாநாள் உன் போன் மணி அடித்தது, எடுப்பதற்கு முன்னாலேயே நின்றுவிட்டாள். அவ்ளோதான் கண்ணு, அசையலாம் என்றேன். அசையவில்லை. மறுபடி சொன்னேன், மறுபடி சொன்னேன், கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது, இமை அசையவில்லை. உன்னிடம் அவள் தூங்கிவிட்டாள் என்று பொய் சொன்னேன். குழந்தைகளை அசையாமல் உட்கார வைக்கத்தான் இத்தனை வருஷமாக நான் கிலுகிலுப்பையும் கையுமாகக் குட்டிக்கரணம் போட்டேன், சொந்தப் பேத்தியை அசைய வைக்க எனக்கு ஒரு வித்தையும் தெரியவில்லை. யாரிடம் போய்ச் சொல்வேன் அம்மா.

டீச்சர் தன்னாலானதைச் செய்கிறார். வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இவள் ஒருத்திக்காக அவர் எவ்வளவுதான் செய்வார். இப்போதைக்கு இவளிடம் கேள்வி கேட்பதில்லை, குச்சிக் கட்டுகளைப் பிரித்துக் கொடுக்கிற வேலையைக் கொடுத்திருக்கிறார், அதை மட்டும் செய்கிறாள். அவங்க அம்மா சொல்றதும் சரிதான்னு நானே வகுப்புல சொல்லிட்டேன் சார், இனி அவங்க அம்மாவும் ஒரு வார்த்தை சொன்னா நல்லாருக்கும் என்றார். அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் உன்னிடம் கேட்கிறேன். டீச்சர் சொன்னதும் சரி என்று சொல். முடிந்தால் நானும் சின்ன வயசில் இதே கணக்கில் முட்டிக்கொண்டேன் என்று சொல், அது பொய்யும் இல்லை. கொஞ்ச நாளைக்குப் பாடம் வேண்டாம், நீ சாப்பிடுவதைக் காட்டு, உன் செருப்பைக் காட்டு, அந்த மாடிப்படியைக் காட்டு, சும்மா இரு. இடம் கிடைக்காமல் போனால் போகட்டும் என்று எழுதப் பேனா வரமாட்டேன் என்கிறது, நீ எதற்காக அங்கே கிடந்து அல்லாடுகிறாய் என்று எனக்குத் தெரியாதா. ஆனாலும் எழுதிவிட்டேன், போனால் போகட்டும்.

உன் கைபட்ட நோயாளிகள் எல்லோரும் எழுந்து நடந்து வீடு போய்ச் சேரட்டும், அந்தப் புண்ணியம் உன் குழந்தையைக் காக்கட்டும். மாப்பிள்ளை நல்லபடியாகக் கரை சேரட்டும். நீங்கள் மூவரும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு உன் அம்மாவும் நானும் நிம்மதியாக இருப்போம். உடம்பைப் பார்த்துக்கொள், சாப்பிடு. ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த தடவை கூப்பிடும்போது அவள் முகம் நின்றுபோனால் ஹலோ ஹலோ என்று கத்தாதே, கட் பண்ணிவிடாதே. அவளுக்குப் பின்னால் திரைச்சீலையைப் பார். நீ பார்க்க வேண்டும் என்றுதான் மேஜை மின்விசிறியை அதற்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறேன். அது ஆடிக்கொண்டிருந்தால் லைன் இருக்கிறது, உன் மகள் அங்கேதான் இருக்கிறாள், நீ பேசுவது எல்லாம் அவளுக்குக் கேட்கிறது. அவள் அசைகிற வரைக்கும் நீ போகாமல் இரு.

இப்படிக்கு,
உன் அப்பா