தேத்தண்ணி கொண்டு வருகிறவள்

ஞாயிறு இரவு

விடிந்தால் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்கவேண்டிய அம்மா பக்கத்தில் தூங்கும்போது விளக்கைப் போட்டு எழுதுகிறேன். தப்புதான். எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இன்று பதுளை வாசகர் வட்டத்தில் நான் பேசிவிட்டேன்! தமிழில் வந்திருக்கும் ஒரு அரபு நாவலைப் பற்றிய கூட்டம். ஆட்சி, புரட்சி, சிறை என்று எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். எப்போதும் கடைசி நாற்காலியில் ஒளிந்திருக்கும் நான் எழுந்து நின்றேன். "கதையில வர்ற அந்த வீட்டுல எல்லாரும் விடுதலையைப் பத்திப் பேசுறாங்க. தேத்தண்ணி கொண்டு வர்ற இலங்கைப் பொண்ணுக்கு மட்டும் கடைசி வரைக்கும் பேரே இல்லை" என்றேன்.

புடவைக்கடை நஸ்ரின், "அடியேய், ஊமைன்னு நெனச்சோம், வெடிய வச்சிட்டியே!" என்று கைதட்டினாள். அந்தப் பெண்ணே சொல்வதுபோல் ஒரு கதை எழுதி அடுத்த கூட்டத்தில் நான் வாசிக்க வேண்டுமாம். சரி என்றுவிட்டேன்!

வீட்டுக்கு வரும் லுணுகலை பஸ்ஸிலேயே முதல் வரி வந்துவிட்டது. மீதி அம்மாவிடம் இருக்கிறது. குவைத்தில் வீட்டு வேலை செய்த வருஷங்களைப் பற்றி அம்மா வாயே திறந்ததில்லை. சாப்பிடும்போது கேட்க நினைத்தேன், முடியவில்லை. காலையில் கேட்டுவிட வேண்டும்.

அம்மா, அந்த வீட்டுல ஒன்ன என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க? எனக்குச் சொல்லும்மா.