தண்ணீர் பிந்தவில்லை

இன்று காலை பள்ளிக்கூடத்துச் சாமான் அறையைத் திறந்ததும் அந்த நெடி சுள்ளென்று மூக்கில் ஏறியது. வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பு சிந்திய ஈரத்தில் சீமை உரச் சாக்கு ஒன்று கிழிந்து கிடந்தது. என் கண்ணில் நீர் வந்தது. நெடியால்தான் என்று நினைத்துப் பியூன் ஜன்னலைத் திறந்துவிட்டார். எனக்கு உங்கள் ராகி வயல் ஞாபகம் வந்துவிட்டது.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து திருச்செங்கோட்டை அடுத்த உங்கள் ஊருக்கு விவசாய வாத்தியாராக வந்தேன். பாடம் புதிது, வேலையும் நிரந்தரமில்லை. மண்ணைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டிய பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமாக ஒரு சென்ட் மண் கிடையாது. வேலிக்கு அந்தப்புறம் உங்கள் தோட்டம். கிணற்றுக்குக் கிழக்கே இருக்கும் வயலை எடுத்துக்கொள்ளச் சொல்லி நீங்களாகவே வந்தீர்கள். உங்களுக்கும் ஏறக்குறைய என் வயதுதான். அன்றிலிருந்து மாலைகளில் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பேசுவது நமக்கு வழக்கமாயிற்று. தழைச்சத்து, மணிச்சத்து என்று நான் விளக்குவேன். "எலை வெளுத்தா நீங்க ஒரு பேரு சொல்றீங்க, நாங்க பசின்னு சொல்றோமுங்க" என்பீர்கள்.

வயலில் ஒரு பாதிக்கு உங்கள் மாட்டெரு, மறு பாதிக்கு என் சீமை உரம் மட்டும் என்று ஏற்பாடு செய்தேன். பையன்கள் வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நீங்கள் சற்றுத் தயங்கினீர்கள். அந்த ராகிதான் உங்கள் வீட்டுச் சாப்பாடு. இருந்தும் சரி என்றீர்கள்.

உரம் கையில் ஒட்டாமல் சீராக விழட்டும் என்று அதை அடுப்புச் சாம்பலோடு பிசறி, தோட்டத்துச் சாளைக் குடிசையில் இரண்டு பானைகளில் ஒரு வாரம் வைத்திருந்தேன். நீங்கள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தீர்கள்.

"ஏனுங்க வாத்தியாரே, கண்ணு எரியற மாதிரி வாடை அடிக்குதுங்க. சத்து வெளிய போகுதோ என்னமோ."

பையன்கள் சுற்றி நின்றார்கள். நெடி இருந்தால்தான் உரத்துக்கு வீரியம் என்று நான் சொன்னதும் அவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துவிட்டுக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டப் போய்விட்டீர்கள்.

என் பாதி வெளுத்து நின்றது. உங்கள் பாதியில் கதிர் விரல் விரித்தபோது என்னுடையதில் பயிர் முழங்காலைத் தாண்டவில்லை. புத்தகத்தைப் புரட்டினேன். சாம்பலோடு அந்த உர உப்பைக் கலந்தால் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும் என்று இரண்டே வரியில் எழுதியிருந்தது. புத்தகத்தை மூடி அலமாரிக்குள் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கல்வி அதிகாரி வந்தார். தலைமையாசிரியர், பையன்கள், நீங்கள், எல்லோரும் வரப்பில் நின்றிருந்தோம். பயிர் ஏன் இப்படி என்று அவர் கேட்டார். உரத்தில் குறையில்லை, அந்தப் பாதிக்குத் தண்ணீர் காலத்தில் பாயவில்லை என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஒரு மூச்சு விடும் நேரம்தான்.

"ஆமாங்க. தண்ணி உட்டது பிந்திப் போச்சுங்க" என்றீர்கள்.

என் வேலை நிரந்தரமாயிற்று. தண்ணீர் பாய்ச்சத் தெரியாதவர் என்று ஊரில் உங்களைக் கேலி செய்தார்கள். அந்த வருஷம் உங்கள் வீட்டில் ராகி சீக்கிரம் தீர்ந்ததும் எனக்குத் தெரியும். நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் மாற்றல் வந்து ஆத்தூருக்கே திரும்பிவிட்டேன்.

நீங்கள் காய்ச்சலில் போன சேதி எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவி மோர் கொடுத்துவிட்டுப் பழைய பேச்சுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

"அன்னைக்குத் தண்ணி நேரத்துக்குத்தானுங்க உட்டாங்க. நானும் கூட மடை கட்டினேன். ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன். வாத்தியாருக்கு வேலை இன்னும் நெலைக்கல, என்னைய ஆரு வேலைய உட்டு எடுக்கப் போறாங்கன்னாங்க. நெலைச்ச பொறவு நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்தாங்க."

அவர்கள் குரலில் கோபம் இல்லை. நான் தலையை ஆட்டினேன். மோரைக் குடித்தேன். அப்போதும் வாய் திறக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

இன்று மத்தியானம் வகுப்பில் உரக் கலவைப் பாடம். எந்த உரத்தை எதோடு சேர்க்கக் கூடாது என்று எழுதிப் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, உங்கள் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, நான் செய்த தவறையும் அதன்பின் சொன்ன பொய்யையும் சொன்னேன். கடைசி வரிசையில் ஒருவன் எழுந்தான்.

"அவருகிட்ட சொல்லிட்டீங்களா சார்?"

இல்லை என்றேன். அவன் உட்காரவில்லை, இன்னும் ஏதோ சொல்வேன் என்று நின்றுகொண்டிருந்தான். நீங்கள் எத்தனை மாலை இப்படிக் காத்திருந்தீர்களோ என்ற நினைப்போடுதான் இதை எழுதுகிறேன்.